பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு நாள்: எந்த ஷாத்தோவைத் தேர்ந்தெடுப்பது?

பிரெஞ்சு மொழியில் ‘ஷாத்தோ’ என்ற ஒரே சொல் அகழியும் கொத்தளமும் சூழ்ந்த போர்க்கோட்டையையும் குறிக்கும். அரசர் வேட்டைக்கு வந்து தங்கிய மாளிகையையும் குறிக்கும். வெர்சாய் போன்ற பேரரண்மனையையும் குறிக்கும். ஆகையால், பாரிஸுக்கு வந்திருக்கும் உறவினர் “ஒரு ஷாத்தோவையாவது பார்த்துவிட்டுப் போக வேண்டும்” என்று சொல்லும்போது, அவர் மனத்தில் இருப்பது எது என்று கேட்டறியாமல் ரயில் ஏறக்கூடாது. ஊரிலிருந்து வருபவர்களைப் பல ஆண்டுகளாக இப்படி அழைத்துச் சென்றதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நாள் பயணம் இனிதாக அமைவதும் அலைச்சலாக முடிவதும் இறங்கும் ரயில் நிலையத்துக்கும் மாளிகை வாசலுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தே இருக்கின்றன. புகழையும் அழகையும் அதன் பிறகு எடைபோடலாம்.

முதல் படி: கிழமை

எந்த மாளிகை என்று யோசிப்பதற்கு முன் எந்தக் கிழமை என்று பாருங்கள். ஃபோந்தேன்புளோ, ஷாந்தியி, கொம்பியேன், ராம்பூயே, சேன்-ஜெர்மேன்-ஆன்-லே ஆகிய ஐந்துக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெர்சாய்க்கு மட்டும் திங்கள் விடுமுறை. லூவ்ர் அருங்காட்சியகமும் செவ்வாயன்று மூடப்படுவதால், அன்று அங்கே போக முடியாத சுற்றுலாப் பயணிகளில் பெரும்பகுதியினர் வெர்சாய்க்குத் திரும்பிவிடுகிறார்கள். எனவே வெர்சாய்க்குச் செவ்வாயைத் தவிர்த்து, புதன் அல்லது வியாழனைத் தேர்ந்தெடுப்பது நல்லது. லுவார் ஆற்றங்கரையில் உள்ள ஷெனோன்சோ, புளுவா, அம்புவாஸ், ஷாம்போர் ஆகியவை ஏறத்தாழ ஆண்டு முழுவதும் எல்லாக் கிழமைகளிலும் திறந்திருப்பவை. ஆகவே, கையில் இருப்பது செவ்வாய்க்கிழமை மட்டும்தான் என்றால் தயங்காமல் லுவார் பக்கம் போகலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமையில், முழங்கால் வலியோடு இருந்த என் அத்தையை ரயிலிலும் பேருந்திலும் ஏற்றி ஒரு மாளிகையின் கம்பிக்கதவு வரை கூட்டிச் சென்றேன். கதவில் பூட்டு தொங்கியது. கம்பிகளைப் பிடித்தபடி முற்றத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, வெளியிலிருந்தே அழகாக இருக்கிறது” என்று அவர் சொன்னது இன்றும் என் நெஞ்சில் உறுத்துகிறது. கிழமையைப் பார்க்காதது முழுக்க முழுக்க என் தவறு.

இரண்டாம் படி: நேரக் கணக்கு

கால அட்டவணையில் உள்ள ரயில் நேரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் பிழை. வீட்டு வாசலில் தொடங்கி மாளிகையின் நுழைவாயில் வரை ஆகும் மொத்த நேரத்தையும் எழுதிக் கூட்டுங்கள்: மெட்ரோவுக்கு நடப்பது, பெரிய நிலையத்துக்குள் நடைமேடையைத் தேடுவது, வண்டி மாறக் காத்திருப்பது, இறங்கிய பின் நடப்பது அல்லது பேருந்துக்கு நிற்பது. ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனால் அந்த இடத்தை ஒரு நாள் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இரவு தங்கும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மாளிகையில் குறைந்தது நான்கு மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும். உள் அறைகளுக்கு இரண்டு, தோட்டத்துக்கு ஒன்று, உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்று என்று அது சரியாகப் போய்விடும்.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். டிசம்பரில் பாரிஸ் பகுதியில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மூடும் நேரமும் முன்னால் வந்துவிடுகிறது. தோட்டத்துக்காகவே போற்றப்படும் வோ-லெ-விகோம்த் குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் காலத் திறப்பைத் தவிர, மூடியே இருக்கும்.

ஒரே நாளில் இரண்டு மாளிகைகளைப் பார்க்க ஆசைப்படாதீர்கள். புளுவாவுக்கும் அம்புவாஸுக்கும் இடையே ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகாது என்பதால் அந்த ஆசை எளிதில் எழும். ஆனால் இரண்டாவது மாளிகையில் படியேறும்போது கால்களும் கண்களும் களைத்திருக்கும். முதலாவதில் பார்த்ததும் கலங்கிவிடும்.

மூன்றாம் படி: நிலையத்திலிருந்து வாசல் வரை

இந்தப் படியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். நடக்கும் தூரத்தை வைத்தே இடங்களைப் பிரித்துவிடலாம்.

மிகக் குறைந்த நடை சேன்-ஜெர்மேன்-ஆன்-லேக்கு. பாரிஸையும் புறநகரையும் இணைக்கும் ஆர்.இ.ஆர். ரயிலின் ஏ வழித்தடத்தின் கடைசி நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் எதிரிலேயே ஷாத்தோ நிற்கிறது. பதினான்காம் லூயி 1638இல் பிறந்த ஊர் இது. மாளிகைக்குள் இப்போது தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருப்பதால் அரச அறைகளை எதிர்பார்த்துப் போகக்கூடாது. ஆனாலும் செய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நீளும், தோட்டக்கலைஞர் லெ நோத்ரின் மேடை நடைபாதை, நடக்க முடியாத பெரியவர்களுக்குக்கூட ஓர் அரைநாள் இன்பத்தைத் தரும்.

அடுத்தது வெர்சாய். இங்கே மூன்று நிலையங்கள் இருப்பதால் குழப்பம் வரும். ஆர்.இ.ஆர். சி போய் நிற்கும் வெர்சாய்-ஷாத்தோ-ரீவ்-கோஷ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை; சேன்-லாசாரிலிருந்து எல் வழித்தடத்தில் வந்தால் ரீவ்-த்ருவாத்திலும், மோன்பர்னாஸிலிருந்து ‘என்’ (N) வழித்தடத்தில் வந்தால் ஷாந்தியேவிலும் இறங்கி இருபது நிமிடம்போல் நடக்க வேண்டும். சி வழித்தடம் பல கிளைகளாகப் பிரிவது. ஆகவே ரயிலின் முகப்பில் எழுதியிருக்கும் நான்கெழுத்துப் பெயரைப் பாருங்கள். அது ‘வி’ என்ற எழுத்தில் தொடங்கினால் அரண்மனைக்கு அருகே உள்ள நிலையத்துக்குப் போகிறது என்று பொருள். கோடையில் இந்த வழித்தடத்தின் பாரிஸ் நடுப்பகுதியைப் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் மூடுவது வழக்கம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போவதாக இருந்தால் ‘எல்’ அல்லது ‘என்’ வழித்தடத்தை மாற்றாக மனத்தில் வைத்திருங்கள்.

புளுவாவில் நிலையத்திலிருந்து கோட்டைக்குப் பத்து நிமிடம். கொம்பியேனிலும் ராம்பூயேவிலும் ஏறத்தாழ கால் மணி நேரம். ஷாந்தியியில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஆனால் மரங்களுக்கிடையிலும் குதிரைப் பந்தய மைதானத்தின் ஓரமாகவும் போகும் சமதரைப் பாதை என்பதால் அந்த நடையே பயணத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அம்புவாஸில் நிலையம் லுவாரின் வடகரையில் இருக்கிறது. ஆற்றின் நடுத்தீவு வழியாகப் பாலங்களைக் கடந்து போக இருபது நிமிடம் வேண்டும். காற்று பலமாக வீசும் நாளில் சிறு பிள்ளைகளோடு அந்தப் பாலத்தைக் கடப்பது சிரமம்.

பேருந்து இல்லாமல் முடியாத இடங்கள் மூன்று. ஃபோந்தேன்புளோ-ஆவோன் நிலையத்திலிருந்து அரண்மனை மூன்று கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கிறது. நகரப் பேருந்துகள் அடிக்கடி ஓடுவதால் கவலை இல்லை. வோ-லெ-விகோம்த்துக்கு, கார் து லெஸ்த் நிலையத்திலிருந்து ‘பி’ (P) வழித்தடத்தில் வெர்நேய்-லெத்தானில் இறங்கி, மாளிகைக்கென்றே ஓடும் சிற்றுந்தைப் பிடிக்க வேண்டும். அது ரயில் நேரத்தை ஒட்டி ஓடுவது. தவறவிட்டால் வாடகைக் காரைத் தேட வேண்டியதுதான். ஷாம்போருக்கு ரயிலே கிடையாது. புளுவா நிலையத்திலிருந்து, பருவ காலத்தில் மட்டும், ஒரு சிற்றுந்து போய்வரும். நானூறுக்கும் மேற்பட்ட அறைகளும், இறங்குபவரும் ஏறுபவரும் ஒருவரையொருவர் எதிர்கொள்ளாத இரட்டைச் சுருள் படிக்கட்டும் கொண்ட ஷாம்போரின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெரியவர்களோடு ஒரு நாளில் ரயிலில் போய்த் திரும்ப அது ஏற்ற இடமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

நான்காம் படி: உடன் வருபவர் எதைப் பார்க்க விரும்புகிறார்?

இந்த வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சும் இடங்களிலிருந்து ஆளுக்கேற்ப ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பிரான்சுக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் வருகிறார், ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு பெயர் வேண்டும் என்றால் வெர்சாய்தான். 73 மீட்டர் நீளமும் 357 கண்ணாடிகளும் கொண்ட கண்ணாடி மண்டபத்தில், 1919இல் முதல் உலகப் போரின் அமைதி உடன்படிக்கை கையெழுத்தான அந்த இடத்தில், கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து செல்வதற்கு மனத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டு போக வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சனி, ஞாயிறுகளில் இசையோடு நீரூற்றுகள் இயங்கும். அந்த நாட்களில் தோட்டத்துக்குத் தனிக் கட்டணம். நம்மவர்களுக்கு நான் தவறாமல் காட்டுவது ஹெர்க்யூல் மண்டபத்தை. 1788 ஆகஸ்ட் 10 அன்று திப்பு சுல்தானின் தூதர்கள் மூவரைப் பதினாறாம் லூயி அங்கேதான் வரவேற்றார். அவர்கள் பிரான்சுக்குக் கப்பல் ஏறியது புதுச்சேரியில்.

வரலாற்றை அமைதியாக, அறை அறையாகப் பார்க்க விரும்புபவருக்கு ஃபோந்தேன்புளோ. பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடங்கி மூன்றாம் நெப்போலியன் காலம் வரை ஆண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக இங்கே தங்கிக் கட்டியிருக்கிறார்கள். 1500க்கும் மேற்பட்ட அறைகள் உண்டு. முதலாம் பிரான்சுவாவின் ஓவியக்கூடத்தைப் பார்த்துவிட்டு, நெப்போலியனின் அறைகளுக்குள் போனால் ஒரு சிறிய வட்ட மேசை இருக்கும். 1814 ஏப்ரலில் பேரரசர் தம் பதவி துறப்பை எழுதியது அதன்மேல் என்று சொல்வார்கள். ஐரோப்பாவை ஆட்டிவைத்தவர் அனைத்தையும் கைவிட்ட மேசை ஒரு காப்பி மேசை அளவுதான் இருக்கிறது. பிறகு வெளியே வந்து, அதே மாதம் 20ஆம் தேதி தம் காவற்படையிடம் அவர் விடைபெற்ற குதிரைலாடப் படிக்கட்டின் அடியில் நின்று பார்க்கலாம். முற்றங்களுக்கும் தோட்டத்துக்கும் கட்டணம் இல்லை.

ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவரை ஷாந்தியிக்கு அழைத்துப் போங்கள். என் சொந்த விருப்பமும் அதுதான். அரசர் லூயி-பிலிப்பின் மகனான ஓமால் கோமகன், புரட்சியில் இடிந்துபோன மாளிகையைத் திரும்பக் கட்டி, தாம் திரட்டிய ஓவியங்களையும் நூல்களையும் அதில் வைத்து, மாளிகையோடு சேர்த்துப் பிரான்ஸ் கல்விக்கழகமான ஆன்ஸ்தித்யூவுக்குக் கொடையாக அளித்தார். படங்களின் இடத்தை மாற்றக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அதனால் இங்கே ஓவியங்கள் காலவரிசைப்படி இல்லாமல், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரபு ஒருவரின் வீட்டுச் சுவரில் எப்படி இருந்தனவோ அப்படியே, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துத் தொங்குகின்றன. ‘சாந்துவாரியோ’ என்ற சின்னஞ்சிறு அறையைத் தேடிப் போங்கள். அங்கே ரஃபேலின் ‘மூன்று அழகியர்’ இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 17 சென்டிமீட்டர்தான். விரித்த உள்ளங்கையால் மறைத்துவிடலாம். அதன் முன்னால் ஒருவர் நின்றால் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த அறையில் பெரும்பாலும் நான்கைந்து பேருக்கு மேல் இருப்பதில்லை. மூவரும் ஆளுக்கொரு பொன்னிறக் கனியை ஏந்தி நிற்கும் நிதானத்தை நெருங்கி நின்று பார்க்க முடிகிறது. லூவ்ரில் ஒரு ரஃபேல் ஓவியத்தை அவ்வளவு அருகில், அவ்வளவு தனிமையில் எனக்குப் பார்க்கக் கிடைத்ததில்லை. பிள்ளைகள் உடன் வந்தால், 240 குதிரைகளுக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய பெருங்குதிரைலாயம் அவர்களைக் கவரும். வெளியிலிருந்து பார்த்தால் அதையே அரண்மனை என்று எண்ணிவிடுவார்கள்.

நாடகம் போன்ற கதை வேண்டும் என்றால் புளுவா. ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கு காலங்களின் கட்டடங்கள் நிற்கின்றன. 1588 டிசம்பர் 23 அன்று கீஸ் கோமகனை அரசர் மூன்றாம் ஹென்றி ஆள்வைத்துக் கொன்ற மாடியையும் காட்டுவார்கள். லியோனார்டோ தா வின்சியின் கல்லறை அம்புவாஸ் கோட்டைக்குள் உள்ள சேன்-உய்பேர் சிற்றாலயத்தில் இருக்கிறது. 1519 மே 2 அன்று அவர் உயிர் நீத்த குளோ லூசே இல்லம் கோட்டையிலிருந்து சிறிது நடைதான்.

ஐந்தாம் படி: சீட்டுகள்

2025 ஜனவரி முதல், பாரிஸையும் அதன் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கிய இல்-து-ஃபிரான்ஸ் வட்டாரம் முழுவதற்கும், விமான நிலையங்கள் நீங்கலாக, ஒரே ரயில் கட்டணம். தொடக்கத்தில் அது 2.50 யூரோ. வெர்சாயும் ஃபோந்தேன்புளோவும் ராம்பூயேவும் இதற்குள் அடங்கும். மாதாந்தர நவிகோ அட்டை வைத்திருப்பவருக்கு ரயில் செலவே இல்லை. ஷாந்தியி இந்த வட்டாரத்துக்கு வெளியே, ஓ-து-ஃபிரான்ஸில் இருக்கிறது. ஆர்.இ.ஆர். டி அதுவரை ஓடினாலும் நவிகோவோ பாரிஸ் சீட்டோ அங்கே செல்லாது. பரிசோதகர் வந்தால் அபராதம் கட்ட நேரிடும். கார் து நோர் நிலையத்தில் ஷாந்தியி-கூவியே நிலையத்துக்கு டி.இ.ஆர். என்ற வட்டார ரயிலின் சீட்டு வாங்கி ஏறுங்கள். ஆர்.இ.ஆரில் முக்கால் மணி நேரம் எடுக்கும் பயணம் டி.இ.ஆரில் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொரு வசதியும் உண்டு: கார் து நோருக்குப் பின்புறம் சில நிமிட நடையில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல். காலையில் அங்கே சூடாக இட்லியோ ரோல்ஸோ வாங்கிக் கட்டிக்கொண்டு ஏறினால், சைவ உணவு மட்டும் உண்ணும் பெரியவர்களுக்கு மதிய உணவுக் கவலை இராது.

லுவாருக்குப் போகும் டி.ஜி.வி. என்ற அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம்; இடங்கள் நிரம்ப நிரம்ப விலை ஏறும். ஆகவே நாள் உறுதியானவுடனே வாங்குங்கள். வட்டார ரயில்களுக்கு இந்த அவசரம் இல்லை. நுழைவுச்சீட்டில், வெர்சாய்க்கு நேரம் குறித்த முன்பதிவு இல்லாமல் போகவே கூடாது. 2026 ஜனவரி முதல் வெர்சாயிலும் ஷாம்போரிலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் கூடுதல் என்பதால், ஊரிலிருந்து வந்த உறவினருக்கு வாங்கும்போது சரியான பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெர்சாய், ஃபோந்தேன்புளோ, ஷாம்போர் ஆகியவற்றில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஷாந்தியியிலும் ஷெனோன்சோவிலும் மிகச் சிறிய குழந்தைகளைத் தவிர மற்றப் பிள்ளைகளுக்கும் சீட்டு வேண்டும்.

ஆறாம் படி: ஒரு திட்டத்தை முழுமையாக எழுதிப் பார்ப்பது

எடுத்துக்காட்டாக ஷெனோன்சோவை எடுத்துக்கொள்கிறேன். பாரிஸிலிருந்து இது தொலைவுதான்; ஆனால் லுவார் மாளிகைகளுள் நிலையத்திலிருந்து இவ்வளவு அருகில் இருப்பது வேறொன்றும் எனக்குத் தெரியாது. கிராமத்தின் பெயர் பிரெஞ்சில் ‘எக்ஸ்’ எழுத்தோடு முடியும். மாளிகையின் பெயரில் அந்த எழுத்து இல்லை. ரயில் தேடும்போது கிராமத்தின் பெயரையே இட வேண்டும்.

திட்டத்தைத் திரும்பும் ரயிலிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். ஷெனோன்சோவில் ஒரு நாளைக்குச் சில ரயில்களே நிற்கும். அவற்றுள் மாலை நேரத்து வண்டி ஒன்றை முதலில் குறித்துக்கொண்டு, அது தூர் நகர் அல்லது அதையடுத்த சேன்-பியேர்-தே-கோர் நிலையம் போய்ச் சேர்ந்தபின் குறைந்தது அரை மணி நேரம் இடைவெளி விட்டு டி.ஜி.வி.யைப் பதிவு செய்யுங்கள். காலைப் பயணத்தை அதன் பிறகு எழுதலாம்: மோன்பர்னாஸிலிருந்து சேன்-பியேர்-தே-கோருக்கு டி.ஜி.வி.யில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அங்கிருந்து டி.இ.ஆரில் அரை மணி நேரத்துக்குள். வட்டார ரயிலுக்குப் போகவும் வரவும் சேர்த்தே சீட்டு வாங்கிவிடுங்கள். ஷெனோன்சோ ஒரு சிறிய நிறுத்தம். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம்.

இறங்கிச் சில நிமிடம் நடந்தால் நுழைவாயில். அதற்கப்பால் பிளாத்தான் மரங்கள் இருபுறமும் நிற்கும் நீண்ட சாலை. மாளிகைக்குள் போனதும் சமையலறை, படுக்கையறை என்று வரிசையாகப் போகாமல் நேரே ஷேர் ஆற்றின்மேல் நிற்கும் கூடத்துக்குப் போங்கள். குழுக்கள் வந்து சேரும் முன் அதைப் பார்ப்பது வேறொரு அனுபவம். பாலத்தைக் கட்டச் செய்தவர் அரசர் இரண்டாம் ஹென்றியின் காதலி தியான் து புவாத்தியே. அதன்மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பியவர் அரசர் இறந்தபின் அவரை அங்கிருந்து வெளியேற்றிய அரசி கத்ரீன் து மெதிசி. தரையில் வெள்ளைச் சுண்ணக்கல்லும் கரும்பலகைக் கல்லும் சதுரங்கக் கட்டம்போல் பதிந்திருக்கின்றன. நடுப்பகுதியில் காலடிகள் பட்டுப் பட்டுக் கற்கள் தேய்ந்திருப்பதைக் குனிந்து பார்த்தால் தெரியும். முதல் உலகப் போரில் இந்தக் கூடம் முழுவதும் மருத்துவமனைக் கட்டில்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் ஷேர் ஆறே எல்லைக்கோடானபோது, முன்வாசல் ஜெர்மானியர் பிடியில் இருந்த பகுதியிலும், இந்தக் கூடத்தின் தெற்குக் கதவு அவர்கள் பிடிக்கு அப்பாற்பட்ட பகுதியிலும் இருந்தன. அந்தக் கதவு வழியாகப் பலர் தப்பிச் சென்றார்கள். அந்தக் கதவருகே நின்று வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள்.

புறப்படும் நாளில்

முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குப் பிறகு ரயில் நிறுவனச் செயலியில் உங்கள் வண்டி உண்டா என்று பாருங்கள். வேலைநிறுத்தம் அறிவித்திருந்தால் மறுநாள் ஓடும் வண்டிகளின் பட்டியல் அந்நேரத்தில்தான் வெளிவரும். திரும்பும் ரயிலுக்கு முந்தைய வண்டி, பிந்தைய வண்டி இரண்டின் நேரங்களையும் ஒரு தாளில் எழுதி, குழுவில் உள்ள இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். கைபேசி எப்போது அணையும் என்று சொல்ல முடியாது. உணவு கொண்டுபோனால் எங்கே உண்ணலாம் என்பதையும் கவனியுங்கள்: வெர்சாயில் தோட்டத்துக்குள் அமர்ந்து உண்ண அனுமதியில்லை, பெரிய கால்வாய்ப் பக்கத்துப் பூங்காவில் உண்டு. ஃபோந்தேன்புளோவில் கட்டணமில்லாத பூங்காவின் மரநிழல் போதும்.

மாலையில் ரயில் நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே மாளிகையை விட்டுக் கிளம்புங்கள். ஷெனோன்சோவில் அந்தப் பிளாத்தான் சாலை முழுவதையும் பெரியவர்களின் நடைக்கு ஏற்ப மெல்லக் கடந்து, நடைமேடையில் ஓர் இருக்கையைப் பிடித்து, புட்டியில் மிஞ்சிய தேநீரை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுக்க அந்த நாற்பது நிமிடம் சரியாக இருக்கும்.